ஸ்போர்ட்ஸ்ல சேர்க்கறதுக்கு முன்னாடி பசங்களுக்கு செக்கப்: எங்க காட்டலாம், எதுக்கு காசு குடுக்கலாம், எது வீண்?

ஜூன்ல ஸ்கூல் தொறந்து பசங்க புது நோட்டுக்கு அட்டை போட்டு முடிக்கறதுக்குள்ள பி.இ.டி. சார்கிட்ட இருந்து ஒரு துண்டு பேப்பர் வந்துரும், குறுவட்டப் போட்டிக்கு (அக்கம்பக்கத்து ஸ்கூல்களுக்குள்ள நடக்கறது) பேர் குடுத்தவங்க எல்லாம் டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வரணும்னு, கெடு பாத்தீங்கன்னா ரெண்டு நாள்தான் இருக்கும். அப்புறம் ஆரம்பிக்கும் கூத்து. தெருமுனை கிளினிக்ல போய் நின்னா அஞ்சு நிமிஷத்துல சீல் அடிச்சு குடுத்துருவாங்கன்னு ஒருத்தர் சொல்லுவார், அட போங்க இப்பல்லாம் இருபது வயசுப் பையனே ஜிம்ல சுருண்டு விழறான் பெரிய ஆஸ்பத்திரியில எக்கோ (இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்) வரைக்கும் எடுத்துருங்கன்னு இன்னொருத்தர் சொல்லுவார், நம்ம காலத்துல யாரு செக்கப் பண்ணா, வெறுங்காலோட ஓடலயான்னு தாத்தா ஒரு பக்கம். என் பொண்ணு கபடி ஆடுறா, அக்கா பையன் ஃபுட்பால், அதனால இந்த எல்லா வழியும் ஏதோ ஒரு விதத்துல எங்க வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கு. ஒவ்வொண்ணும் என்ன தருது, என்ன தராதுன்னு எனக்கு தெரிஞ்சதை எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

என் முடிவு என்னன்னு முன்னாடியே சொல்லிட்டா மிச்சத்தை நிதானமா படிக்கலாம்: குழந்தையை சின்னதுலருந்து பாக்கற குழந்தைங்க டாக்டர்கிட்ட, ஆட்டம் தொடங்கறதுக்கு ஒண்ணரை மாசம் முன்னாடி, குழந்தை உடம்பு பத்தியும் குடும்பத்துல இருந்த நோய் பத்தியும் கேக்கற கேள்வித்தாளை வீட்லயே நிரப்பி எடுத்துட்டுப் போறதுதான் குடுக்கற காசுக்கும் நேரத்துக்கும் அதிகமா திருப்பித் தர்ற வழி. மத்ததெல்லாம் அதுக்கு மேல தேவைப்பட்டா சேர்த்துக்கறது.

முதல்ல அந்த வெறும் கையெழுத்து கேஸை முடிச்சுடுவோம். டோக்கன் போட்டு உள்ள போனா டாக்டர் தலையைத் தூக்கி பாப்பார், "என்ன தம்பி, நல்லா இருக்கியா, ஓடுவியா"ன்னு கேப்பார், பையனும் ஓடுவேன் சார்னு சொல்லுவான், சீல் விழுந்துரும். ஸ்டெதாஸ்கோப் கழுத்துலயே இருக்கும். டாக்டரை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது, வெளிய காய்ச்சல் கேஸ் இருபது பேர் உக்காந்திருக்கும்போது நாம நாளைக்கே வேணும்னு போய் நின்னா அவர் வேற என்ன பண்ணுவார். இந்தப் பேப்பர் ஸ்கூலுக்குத்தான் பாதுகாப்பு, நாளைக்கு ஏதாவது ஆனா காட்டறதுக்கு ஒரு ஃபைல், அவ்வளவுதான். இன்னொரு குழப்பமும் இருக்கு, கிரிக்கெட் ஆடுற பசங்களோட அப்பா அம்மா சிலபேர் எங்க பையனுக்கு கை எலும்பு எக்ஸ்ரேவே எடுத்துப் பாத்துட்டாங்க, எல்லா டெஸ்ட்டும் ஓகேன்னு சொல்றாங்க, அது பி.சி.சி.ஐ. 16 வயசுக்கு உட்பட்ட பிரிவுல வயசு சரியான்னு பாக்கறதுக்கு எடுக்கற டி.டபிள்யூ.3 எலும்பு டெஸ்ட், வயசு ஏமாத்தறதைப் பிடிக்கறதுக்கு. அதுக்கும் பையன் உடம்பு ஆட்டத்துக்கு தாங்குமாங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல.

அடுத்தது ஸ்கூலுக்கே வர்ற மருத்துவக் குழு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில படிக்கற பசங்களுக்கு இது 2013லருந்து இருக்கு, ஆர்.பி.எஸ்.கே.ங்கற மத்திய அரசுத் திட்டம், 18 வயசு வரைக்கும். வேன்ல டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் வருவாங்க, ஸ்கூலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அங்கன்வாடிக்கு ரெண்டு தடவை. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம்னு நாலையும் பாப்பாங்க, சந்தேகம் வந்தா மாவட்ட அளவுல இருக்கற மையத்துக்கு எழுதிக் குடுத்து அனுப்புவாங்க, அங்க எக்கோ எடுத்து ஆபரேஷன் வரைக்கும் போனாலும் கைக்காசு போகாது. இதை நிறைய பேர் ஏளனமா பேசறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பிறவியில இதயத்துல ஓட்டை இருந்து வீட்டுக்கே தெரியாம ஏழாவது வரைக்கும் வந்த குழந்தை, கரும்பலகை தெரியாம பக்கத்துப் பையனைப் பாத்து எழுதிட்டிருந்த குழந்தை, இந்த மாதிரி ஆளுங்களை கண்டுபிடிக்கறதுல இதுக்கு ஈடு கிடையாது, ஏன்னா எந்த அப்பா அம்மாவும் தானா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகாத குழந்தையும் இதுல வரிசையில நின்னுரும்.

ஆனா ஆட்டத்துக்கான செக்கப்பா இதை வெச்சுக்க முடியாது. ஒரே நாள்ல அத்தனை பசங்களையும் பாக்கணும், வராண்டாவுல பெஞ்ச் போட்டு, பின்னாடி இருபது பசங்க சிரிச்சுட்டு நிக்க, ஒரு எட்டாவது படிக்கற பொண்ணுகிட்ட பீரியட்ஸ் சரியா வருதாமான்னு கேட்டா என்ன பதில் வரும்? வீட்டுல யாருக்கு என்ன இருந்துச்சுன்னு கேட்டா குழந்தைக்கு எப்படி தெரியும்? அப்பா அம்மா பக்கத்துல இல்ல. அதனால கேம்ப்ல எழுதிக் குடுத்த அட்டையை பத்திரமா வாங்கி வெச்சுக்கோங்க, அதுல ஹார்ட்ல சத்தம் இருக்கு, கண்ணு செக் பண்ணணும், ரத்தம் கம்மின்னு ஏதாவது டிக் அடிச்சிருந்தா அதைப் பிடிச்சுட்டு மேல போங்க, ஒண்ணும் இல்லன்னு போட்டிருந்தா அதோட முடிஞ்சதுன்னு மட்டும் நினைக்காதீங்க. தனியார் ஸ்கூல்ல ஆஸ்பத்திரிக்காரங்க வந்து நடத்தற கேம்ப்புக்கும் இதே கதைதான், என்ன, கூடவே ஒரு டிஸ்கவுண்ட் கூப்பனும் குடுப்பாங்க.

இப்ப பேக்கேஜுக்கு வருவோம், சண்டையே இங்கதான். விளம்பரத்துல அறுபது டெஸ்ட், எழுபது டெஸ்ட்னு போட்டிருப்பாங்க. கிட்னி, லிவர், தைராய்டு, கொலஸ்ட்ரால், விட்டமின் டி, நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, சில இடத்துல ட்ரெட்மில் டெஸ்ட்டும். நல்லா இருக்கற, வீட்டுல எந்தக் கதையும் இல்லாத 12 வயசுப் பையனுக்கு இதுல பாதிக்கு மேல தேவையே கிடையாது. விட்டமின் டி எடுத்தா நம்ம ஊர்ல முக்கால்வாசி பேருக்கு கம்மின்னுதான் வரும், உடனே ஒரு மருந்துச்சீட்டு. நெஞ்சு எக்ஸ்ரே சும்மா எடுக்கறது வெட்டியா கதிர் வாங்கறது. ரத்தத்துல உருப்படியா பாக்க வேண்டியது ஹீமோகுளோபின்தான், அதுக்கு பேக்கேஜ் எதுக்கு, அதைப் பத்தி கீழ தனியா சொல்றேன்.

ஈசிஜி, எக்கோ விஷயத்துல மட்டும் உண்மையாவே ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. இத்தாலியில 1982லருந்து சட்டமே இருக்கு, போட்டியில ஆடணும்னா வருஷா வருஷம் டாக்டர் செக்கப், அதுல ஈசிஜியும் உண்டு. அங்க வெனெட்டோ பகுதியில கணக்கெடுத்தப்ப, விளையாட்டு வீரர்கள் திடீர்னு இதயம் நின்னு சாகறது வருஷத்துக்கு லட்சத்துக்கு 3.6லருந்து 0.4க்கு இறங்கிருச்சுன்னு 2006ல வெளியிட்டாங்க. ஜப்பான்ல ஒண்ணாவது, ஏழாவது, பத்தாவது சேர்ற எல்லா குழந்தைக்கும் ஸ்கூல்லயே ஈசிஜி, ஆட்டம் ஆடினாலும் ஆடாட்டியும். அதே நேரத்துல இஸ்ரேல்ல 1997ல கட்டாயமாக்கி பாத்தாங்க, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பெரிசா வித்தியாசம் இல்லன்னு கணக்கு வந்துச்சு. அமெரிக்காவுல ஹார்ட் அசோசியேஷன் எல்லாருக்கும் ஈசிஜி வேண்டாம், 14 விஷயங்களைக் கேட்டும் தொட்டும் பாருங்க, அதுல ஏதாவது இடிச்சா மட்டும் மேல போங்கன்னு சொல்றாங்க.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன் கணக்கு, 2018ல வந்தது. இருபது வருஷமா 11,168 இளம் வீரர்களுக்கு கேள்வி, உடம்பு பரிசோதனை, ஈசிஜி, எக்கோ நாலும் பண்ணியிருக்காங்க, சராசரி வயசு 16. அதாவது நம்ம பேக்கேஜ்ல என்னெல்லாம் இருக்கோ அதை விட உசத்தியா, இதுக்குன்னே பழகின டாக்டர்களை வெச்சு. திடீர் மரணத்துக்கு காரணமாகக்கூடிய இதயக் கோளாறு 42 பேர்கிட்ட பிடிபட்டுச்சு, அது லேசான விஷயம் இல்ல, 42 குடும்பம். ஆனா பின்னாடி இதயக் கோளாறுல திடீர்னு செத்துப்போன 8 பேர்ல 6 பேருக்கு அந்த செக்கப்ல எல்லாம் நார்மல்னு வந்திருந்துச்சு. செக்கப்புக்கும் சாவுக்கும் நடுவுல சராசரியா 6.8 வருஷம். ஏன்னா இதய தசை தடிச்சுப்போற நோய் இருக்கு பாருங்க, ஐநூறு பேர்ல ஒருத்தருக்கு இருக்குன்னு சொல்றாங்க, அது பல பேருக்கு வயசுக்கு வந்து வளர்ற காலத்துலதான் எக்கோவுல தெரியவே ஆரம்பிக்கும். பத்து வயசுல எடுத்த எக்கோ ரிப்போர்ட்டை ஃபைல்ல வெச்சுட்டு பதினாறு வயசு வரைக்கும் நிம்மதியா இருக்கறதுல அர்த்தம் இல்ல. 2021ல யூரோ கோப்பை மேட்ச்ல மைதானத்துலயே இதயம் நின்னு விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அப்ப ஆடிட்டிருந்தது இத்தாலி கிளப்புக்குத்தான், அவ்வளவு கறாரான சட்டம் இருக்கற நாடு. அவரை அன்னிக்கு காப்பாத்தினது பக்கத்துலயே இருந்து நெஞ்சை அழுத்தினவங்களும் ஷாக் குடுக்கற மெஷினும்தான்.

எதிர்ப்பக்கமும் ஒரு தொல்லை இருக்கு, இல்லாத நோயை இருக்குன்னு சொல்றது. அக்கா பையனுக்கு 12 வயசுல ஒரு ஆஸ்பத்திரியில பேக்கேஜ் எடுத்தாங்க. ஈசிஜி பேப்பர் மேலயே மெஷின் தானா அடிச்சு விட்டுச்சு, அப்நார்மல், இதயத்தோட முன்பக்கம் ரத்த ஓட்டம் கம்மியா இருக்கலாம்னு. அங்க இருந்த டியூட்டி டாக்டரும் பெரியவங்களையே பாத்துப் பழகினவர் போல, எதுக்கும் ஆட்டத்தை நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டார். அக்கா போன்ல, "டேய் தம்பி, இவனுக்கு ஹார்ட்ல என்னமோன்னு சொல்றாங்கடா"ன்னு ஒரே அழுகை, மாமா பேசவே இல்ல. பையனை மாடிப்படி கூட ஏற விடல, ராத்திரி அவன் தூங்கறப்ப மூச்சு வருதான்னு மூக்குல கை வெச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. கடைசியில குழந்தைங்க இதய டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைச்சு போனா, அவர் அந்தப் பேப்பரைப் பாத்துட்டு வயசைக் கேட்டார், சிரிச்சார். வி1லருந்து வி3 வரைக்கும், அதாவது நெஞ்சுல ஒட்டற முதல் மூணு இடத்துல, டி அலைங்கற வளைவு தலைகீழா இருக்கறது இந்த வயசுல சகஜம், பதினாறு வயசுக்குள்ள தானா நிமிரும், மெஷினுக்கு பெரியவங்க கணக்குதான் தெரியும்மான்னு சொல்லி அனுப்பிட்டார். அதனால ஈசிஜி எடுக்கறதா இருந்தா எடுங்க, எங்க ஊர்ப் பக்கம் இருநூறு முந்நூறு ரூபாதான், ஆனா அதை யார் படிக்கப்போறாங்கன்னு கேட்டுட்டு எடுங்க. குழந்தைங்க ஈசிஜி படிச்சுப் பழகினவர் இல்லன்னா அந்தப் பேப்பர் நம்ம நிம்மதியைத்தான் கெடுக்கும்.

சரி, நான் சொல்ற குழந்தைங்க டாக்டர் வழியில அப்படி என்ன இருக்குன்னா, முதல்ல அவங்க கிட்ட பழைய கதை இருக்கு. மூணு வயசுல வீசிங் வந்து நெபுலைசர் வெச்சது, காய்ச்சல் ஃபிட்ஸ் வந்தது, பிறந்தப்ப ஹார்ட்ல சின்ன சத்தம் கேட்டு ஆறு மாசத்துல சரியானது, எல்லாம் அந்த பழுப்பேறின நோட்டுல இருக்கும். எங்க டாக்டரம்மா பாக்கற விதத்தை அப்படியே சொல்றேன், ஏன்னா நல்ல செக்கப்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சா நீங்க எங்க போனாலும் அளந்து பாக்கலாம். உயரம், எடை எடுத்து போன வருஷத்து எடையோட ஒப்பிட்டாங்க. பி.பி. பாக்க கைக்கு ஏத்த அளவு பட்டையைத் தேடி எடுத்தாங்க, இது முக்கியம், ஒல்லிக் கைக்கு பெரியவங்க பட்டை போட்டா பி.பி. கம்மியா காட்டும், குண்டுக் கைக்கு சின்னப் பட்டை போட்டா ஏத்திக் காட்டும். 13 வயசுக்கு மேல 120க்கு 80க்குள்ள இருக்கணும், 130ஐத் தாண்டினா இன்னொரு நாள் வரச் சொல்லி திரும்ப பாப்பாங்க. நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வெச்சு படுக்க வெச்சு கேட்டாங்க, அப்புறம் சட்டுனு எழுந்து நிக்கச் சொல்லி திரும்ப கேட்டாங்க. தசை தடிச்ச நோய்ல வர்ற சத்தம் எழுந்து நின்னா கூடுமாம், சாதாரணமா குழந்தைங்களுக்கு கேக்கற ஆபத்தில்லாத சத்தம் குறையுமாம். தொடை இடுக்குல நாடி பிடிச்சாங்க, அது பெரிய ரத்தக்குழாய்ல சுருக்கம் இருக்கான்னு பாக்க. அப்புறம் குந்தி உக்காந்து வாத்து மாதிரி நாலடி நடக்கச் சொன்னாங்க, என் பொண்ணுக்கு சிரிப்பு தாங்கல, ஆனா இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணும் ஒரே நேரத்துல தெரிஞ்சுரும். ஒத்தக்கால்ல குதிக்கச் சொன்னாங்க. கண்ணு சார்ட் பாத்தாங்க. மொத்தமே இருபது நிமிஷம் இருக்கும், மெஷின்னு சொன்னா எடை மெஷினும் பி.பி. மெஷினும்தான்.

அப்புறம் "அப்பா கொஞ்சம் வெளிய இருங்க"ன்னு சொல்லி அவளைத் தனியா பேசினாங்க. அதுக்கு ஏன் கோவப்படறாங்கன்னு தெரியல சில அப்பா அம்மாங்க. கபடியில சப் ஜூனியர், ஜூனியர்னு எடை வரம்பு இருக்கு, எடை எடுக்கற நாள் வரைக்கும் சோறு திங்காம, தண்ணி கூட குடிக்காம சுத்தற பசங்க இருக்காங்க, அதை அப்பா முன்னாடி சொல்லுமா ஒரு பொண்ணு? மாசம் மூணா பீரியட்ஸ் நின்னு போச்சுங்கறதையோ, இல்ல அந்த நாள்ல ரத்தம் ரொம்பப் போகுதுங்கறதையோ சொல்லுமா? சாப்பாடு பத்தாம ஆடிட்டே இருந்தா பீரியட்ஸ் நிக்கும், எலும்பு பலம் குறையும், இது ஒலிம்பிக் வீராங்கனைக்கு மட்டும் வர்றது இல்ல.

ஹீமோகுளோபின் விஷயத்துக்கு வர்றேன். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல இந்தியாவுல 15லருந்து 19 வயசுப் பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. அதாவது ஒரு கபடி டீம்ல ஏழு பேர் நின்னா நாலு பேர். ரெண்டாவது பாதியில மூச்சு வாங்கறது, கால் இழுக்கறது, பி.இ.டி. சார் "ஸ்டாமினா இல்ல, இன்னும் நாலு ரவுண்டு ஓடு"ன்னு விரட்டறது, எல்லாத்துக்கும் பின்னாடி பல நேரம் இதுதான் இருக்கும். அம்பது நூறு ரூபா டெஸ்ட். 12லருந்து 14 வயசுல ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா ரத்தசோகை, 15 வயசுலருந்து ஆம்பளைப் பசங்களுக்கு மட்டும் அந்தக் கோடு 13. ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை குடுப்பாங்க, வயித்தைப் பொரட்டுதுன்னு ஜன்னல் வழியா தூக்கிப் போடாம சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டாலே போதும், கூட பூச்சி மாத்திரையும். ஐநூறுல ஒருத்தருக்கு இருக்கறதைக் கண்டுபிடிக்க எக்கோவுக்கு ரெண்டாயிரம் குடுக்கற வீடு, டீம்ல பாதிப் பேருக்கு இருக்கறதைப் பாக்க நூறு ரூபா குடுக்காதது எனக்கு புரியவே மாட்டேங்குது.

கேள்வித்தாளை வீட்லயே நிரப்பணும்னு சொன்னேன்ல, அதுதான் மொத்த செக்கப்போட உயிர்நாடி, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஓடும்போது மயங்கி விழுந்திருக்கானா? காலையில பிரேயர்ல வெயில்ல நின்னு, சாப்பிடாம வந்து, கண்ணு இருட்டிட்டு விழறது பெரும்பாலும் பயப்பட வேண்டியது இல்ல, ஆனா ஓடிட்டிருக்கும்போதே பொத்துனு விழுந்தா அது வேற, அன்னிக்கே ஆட்டத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும். ஓடும்போது நெஞ்சுல அழுத்தமா வலி வருதா, கூட ஓடறவங்களை விட சீக்கிரம் மூச்சு வாங்குதா, ஓடி முடிச்சு அஞ்சு பத்து நிமிஷத்துல இருமல் வருதா (இது ஓட்டத்துல வர்ற ஆஸ்துமாவா இருக்கலாம், ஆட்டத்துக்கு கால் மணி நேரம் முன்னாடி டாக்டர் சொன்ன இன்ஹேலரை அடிச்சுட்டு ஜோரா ஆடலாம், நம்ம ஆளுங்கதான் இன்ஹேலர்னாலே பையனுக்கு கல்யாணம் ஆகாதுங்கற மாதிரி ஒளிச்சு வெக்கறாங்க).

தொண்டை வலி, காய்ச்சல் வந்து போய் ரெண்டு மூணு வாரத்துல முட்டி வீங்கி, அது சரியாகி கணுக்காலுக்கு, அப்புறம் கைமுட்டிக்குன்னு வலி தாவிட்டே போச்சா? வெளிநாட்டுக் கட்டுரை எதுலயும் இதுக்கு இவ்வளவு இடம் குடுக்க மாட்டாங்க, நமக்கு இது ரொம்ப முக்கியம், ருமாட்டிக் காய்ச்சல், 5லருந்து 15 வயசுக்குள்ள வரும், வளர்ற வலின்னு எண்ணெய் தேய்ச்சு விட்டுருவோம், அது சத்தமில்லாம இதய வால்வைக் கெடுத்துட்டுப் போயிரும். கண்டுபிடிச்சா 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, வால்வு மேல மேல கெடாம பாத்துக்கலாம்.

அப்புறம் குடும்பக் கதை. வீட்டுல யாருக்காவது ஹார்ட் இருக்கான்னு கேட்டா தாத்தாவுக்கு 70 வயசுல ஸ்டென்ட் வெச்சாங்கன்னு சொல்லுவோம், அது கேள்வியே இல்ல. 50 வயசுக்கு முன்னாடி யாராவது திடீர்னு போனாங்களா? தூக்கத்துலயே போன சித்தப்பா, நல்லா நீச்சல் தெரிஞ்சும் கிணத்துல குதிச்சு மேல வராத மாமா, வலிப்புன்னு மாத்திரை சாப்பிட்டுட்டே இருந்து ஒரு நாள் விழுந்து எழுந்திரிக்காத அத்தை. ஊர்ல இதுக்கெல்லாம் வேற காரணம் சொல்லியிருப்பாங்க, கிணத்துல காத்து அடிச்சுருச்சும்பாங்க. இதயத்தோட மின்சார ஓட்டத்துல வர்ற ஒரு பரம்பரைக் கோளாறு, லாங் க்யூடின்னு பேர், அது நீச்சல் அடிக்கும்போது இதயத்தைத் தடுமாற வைக்கும், மயக்கம் வலிப்பு மாதிரியே தெரியும். இந்தக் கதை வீட்டுல இருந்தா குழந்தைக்கு ஈசிஜி கண்டிப்பா எடுக்கணும், யார் என்ன சொன்னாலும். பிறவியிலேயே காது கேக்காத குழந்தைக்கும் ஒரு தடவையாவது ஈசிஜி எடுத்துப் பாக்கணும், காதும் இந்தக் கோளாறும் சேர்ந்து வர்ற ஒரு வகை இருக்கு, சொந்தத்துல கல்யாணம் பண்ணின குடும்பத்துல அதுக்கு வாய்ப்பு கூட. நீலகிரி பக்கம் பழங்குடிக் குடும்பங்கள்ல சிக்கிள் செல் (ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற பரம்பரைக் கோளாறு) டெஸ்ட் எடுத்திருக்காங்களான்னும் கேக்கணும், வெயில்ல தண்ணி குடிக்காம வெறித்தனமா ஓட விட்டா அவங்களுக்கு ஆபத்து. இந்தக் கேள்வியெல்லாம் கிளினிக்ல உக்காந்து திடீர்னு கேட்டா ஞாபகம் வராது, பாட்டிக்கு போன் போட்டு கேட்டு எழுதணும், அதுக்குத்தான் வீட்லயே நிரப்பச் சொல்றேன்.

இந்த வழிக்கும் குறை இருக்கு. எல்லா குழந்தைங்க டாக்டரும் இப்படி பாப்பாங்கன்னு சொல்ல முடியாது, சாயந்தரம் கூட்டத்துல போனா இங்கயும் மூணு நிமிஷம்தான். காலையில, முன்கூட்டியே சொல்லிட்டு, "ஸ்போர்ட்ஸ்க்கு முழுசா பாக்கணும் டாக்டர், ஊசி போட வரல"ன்னு சொல்லிட்டுப் போங்க. மூட்டு, தசை விஷயத்துல எல்லாருக்கும் பெரிய பழக்கம் இருக்காது.

அதுக்குத்தான் ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர். சென்னை போரூர்ல ஸ்ரீ ராமச்சந்திராவுல இதுக்குன்னே தனி மையம் இருக்கு, மத்த பெரிய ஊர்கள்லயும் ஒண்ணு ரெண்டு பேர் வந்துட்டாங்க. ஸ்கூல் டீம்ல முதல் தடவை பேர் குடுக்கற குழந்தைக்கு இது தேவையில்ல. முட்டி ஏற்கனவே ஒரு தடவை முறுக்கினது, தலையில அடிபட்டு வாந்தி எடுத்தது, மாநில அளவுக்குப் போய் தினமும் ரெண்டு வேளை பிராக்டிஸ் பண்றது, இவங்களுக்கு பஸ் ஏறிப் போனாலும் தகும். கபடியில முட்டி ஜவ்வு போறது எவ்வளவு பேரோட ஆட்டத்தை முடிச்சிருக்குன்னு ஆடறவங்களுக்கு தெரியும், அதை மஞ்சப்பத்து போட்டு சரி பண்ண முடியாது.

கையில காசு இல்ல, குழந்தைங்க டாக்டரும் பக்கத்துல இல்லன்னா மாவட்ட அரசு ஆஸ்பத்திரி குழந்தைங்க ஓ.பி., யோசிக்கவே வேண்டாம். காலையில ஏழரைக்கே போய் சீட்டு வாங்கணும், ஒரு நாள் போகும், பெஞ்ச்ல இடம் கிடைக்காது. ஆனா சந்தேகம்னு வந்துட்டா ஈசிஜி அங்கயே, மெடிக்கல் காலேஜ்னா எக்கோவும் அங்கயே, மேல ஆபரேஷன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. என் கணிப்புல பேக்கேஜ் எடுக்கறதை விட இது உசத்தி, ஏன்னா அங்க உக்காந்திருக்கற டாக்டர் ஒரு நாள்ல பாக்கற குழந்தை நெஞ்சு, தனியார்ல ஒரு மாசத்துல பாக்கறதை விட அதிகம், எது சரியில்லாத சத்தம்னு காது பழகியிருக்கும்.

அப்ப யார் எதை எடுக்கலாம்? சும்மா ஸ்கூல் டீம், வீட்டுல எந்தக் கதையும் இல்ல, கேள்வித்தாள்ல எல்லாம் "இல்ல"ன்னா, குழந்தைங்க டாக்டர், ஹீமோகுளோபின், கண்ணு, முடிஞ்சது, மொத்தமா ஐநூறு அறுநூறு ரூபாய்க்குள்ள. கேள்வித்தாள்ல ஒண்ணே ஒண்ணு "ஆமா"ன்னாலும் ஈசிஜி, அதைப் படிக்கத் தெரிஞ்சவர்கிட்ட, எக்கோ வேணுமான்னு அவர் சொல்லட்டும். அகாடமியில சேர்த்து தீவிரமா ஆடப் போறான்னா ஒண்ணுமே இல்லாட்டியும் ஒரு ஈசிஜி எடுத்து வெக்கறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், நானா இருந்தா எடுப்பேன், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப பாக்கறதா இருந்தாதான். கேள்வியும் நெஞ்சு பரிசோதனையும் எல்லாருக்கும் வருஷா வருஷம். ஒண்ணரை மாசம் முன்னாடின்னு சொன்னது எதுக்குன்னா, ரத்தம் கம்மின்னு வந்தா மாத்திரை போட்டு ஏத்த, கண்ணாடி வாங்க, பழைய சுளுக்குக்கு பயிற்சி குடுக்க, அந்த நேரம் வேணும். குறுவட்டம் ஜூலை, ஆகஸ்ட்ல வரும்னா மே கடைசி, ஜூன் முதல் வாரம்தான் சரியான சமயம்.

சர்டிபிகேட் வாங்கினதுக்கு அப்புறமும், காய்ச்சலோட பாராசிட்டமால் போட்டு மேட்ச்க்கு அனுப்பற வேலை மட்டும் வேண்டாம், வைரஸ் காய்ச்சல் சில நேரம் இதய தசையையும் பிடிக்கும், அந்த நேரத்துல ஓடறதுதான் ஆபத்து, போன வாரம் வாங்கின ஃபிட்னஸ் பேப்பர் அதுல இருந்து காப்பாத்தாது. சர்டிபிகேட்டோட கூட பி.இ.டி. சாருக்கு இன்னொரு சின்ன சீட்டும் எழுதிக் குடுங்க, ஆஸ்துமா இருக்கு இன்ஹேலர் பையோட முன் ஜிப்ல இருக்கு, இன்ன மருந்து ஒத்துக்காது, ரெண்டு போன் நம்பர். அப்படியே, சார் யாராவது விழுந்து மூச்சு இல்லன்னா 108க்கு போன் போட்டுட்டு நெஞ்சை அழுத்தத் தெரிஞ்சவங்க கிரவுண்டுல யாரு இருக்காங்கன்னும் கேட்டுருங்க, நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை, நல்லா அழுத்தமா. எங்க ஸ்கூல்ல கேட்டப்ப யாரும் இல்லன்னு தெரிஞ்சு, அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு மணி நேரம் அதுக்கு ஒதுக்கறோம்னு சொல்லியிருக்காங்க, பாப்போம்.